பழைய மினியின் முன் சஸ்பென்ஷன்: முதலில் ரப்பர், அப்புறம்தான் மற்றதெல்லாம்

பழைய மினி ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியதும் கை சும்மா இருக்காது. ரிம் மாற்றலாமா, ஹைலோ (உயரத்தை மாற்றும் துண்டு) போட்டுக் காரை இறக்கலாமா, அட்ஜஸ்டபிள் அப்சார்பர் (குலுங்கலை அடக்கும் குழாய்) வாங்கலாமா என்று மனம் அலையும். புதிதாக மினி வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்பதில் பாதி முன் சஸ்பென்ஷனைப் பற்றித்தான். எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: தேய்ந்து போனதை முதலில் புதுசாக்குங்கள், அதற்கு மேல் என்ன மேம்படுத்தலாம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தேய்ந்த பால் ஜாயிண்டின் (சக்கரத்தின் ஹப்பையும் ஆர்மையும் இணைக்கும் உருண்டை மூட்டு) மேல் விலை உயர்ந்த அப்சார்பரை மாட்டினால் காசும் போகும், கார் முன்பைவிட மோசமாகவும் ஓடும்.

இது ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த, ஆனால் சஸ்பென்ஷனை இதுவரை கழற்றிப் பார்த்திராதவர்களுக்காக எழுதியது. 1959 முதல் 2000 வரை வந்த பழைய மினிகளில் ரப்பர் கோன் உள்ளவற்றுக்கு மட்டும் பொருந்தும். 1964-க்குப் பிறகு சில வருடங்கள் ஹைட்ரோலாஸ்டிக் என்ற திரவ சஸ்பென்ஷனோடும் மினி வந்தது. உங்கள் காரில் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இணைத்து அடியில் குழாய் ஓடினால் அது அந்த வகை. அதற்குள் திரவம் பலத்த அழுத்தத்தில் இருக்கும், உரிய பம்ப் இல்லாமல் அதைத் திறக்கவே கூடாது. அந்தக் காரை அதில் பழகியவரிடம் கொண்டுபோங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

மினி மூன்று மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் கார். அதற்குள் நான்கு பேரையும் எஞ்சினையும் அடக்க வேண்டும் என்று அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் முடிவு செய்தபோது வழக்கமான சுருள் ஸ்பிரிங்குக்கு இடமே மிஞ்சவில்லை. அவருடைய நண்பர் அலெக்ஸ் மோல்ட்டன் ரப்பரால் ஒரு கோன் செய்து கொடுத்தார். அந்தக் கோன்தான் ஸ்பிரிங். எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் இரும்புச் சட்டமான சப்ஃபிரேமின் டவருக்குள் அது உட்கார்ந்திருக்கும். அதற்குக் கீழே டிரம்பெட் என்று சொல்கிற அலுமினியத் துண்டு, நாதஸ்வரத்தின் அடிப்பக்கம் போல ஒரு முனை விரிந்து இருக்கும். விரிந்த முனை கோனில் பொருந்தும், குறுகிய முனையில் நக்கிள் என்ற உருண்டை, அந்த உருண்டை, சக்கரத்தை மேல்பக்கம் பிடித்திருக்கும் மேல் ஆர்மில் உள்ள பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்காரும். சக்கரம் மேலே எழும்பும்போது ஆர்ம் டிரம்பெட்டைத் தள்ளும், டிரம்பெட் ரப்பரை நசுக்கும். நசுங்க நசுங்க ரப்பர் கெட்டியாகும். மினியில் ஆள் ஏற ஏற அது தானே சமாளித்துக்கொள்வது இதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டிரம்பெட் கொஞ்சம்தான் நகரும், சக்கரம் நிறைய நகரும், ஏனென்றால் ஆர்மின் நீளம் அந்த அசைவைப் பெருக்கிக் காட்டுகிறது. அப்படியானால் ரப்பர் சில மில்லிமீட்டர் தளர்ந்தாலே மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்துவிடும். இறக்கிய மினி என்று பெருமையாக ஓட்டப்படும் கார்களில் சில உண்மையில் யாரும் இறக்காதவை, கோன் செத்துப் போனவை. அப்பாவும் தாத்தாவும் ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ, ரப்பர் வெயிலில் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கோலாலம்பூர் வெயிலில் வருடக்கணக்கில் திறந்த வெளியில் நின்ற காரில் கோன், புஷ் (மூட்டுகளில் வரும் ரப்பர் வளையம்), டஸ்ட் கவர் மூன்றும் மூப்படைந்துதான் இருக்கும். மைலேஜ் குறைவு என்று விற்றவர் சொன்னாலும் அதை வைத்து ரப்பரை எடைபோடாதீர்கள்.

கழற்றும் முன் பாருங்கள்

சமதளமான இடத்தில் காரை நிறுத்தி, வீல் ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால் ஒரு கோன் அதிகமாகத் தளர்ந்திருக்கிறது, அல்லது நக்கிள் கிண்ணம் உடைந்து உருண்டை உள்ளே இறங்கியிருக்கிறது. தாமான் (குடியிருப்புப் பகுதி) வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பழைய கதவு திறக்கிற மாதிரி கிறீச்சென்று சத்தம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நக்கிளைத்தான்.

அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் காருக்குள் ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். மினியில் இதைத் தள்ளிப்போடாதீர்கள், பால் ஜாயிண்ட் கழன்று வந்தால் சக்கரம் மடிந்துவிடும். பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது, பிரேக்கில் குறை ஒன்றும் இல்லை என்றால் டை பாரின் புஷ்ஷைப் பாருங்கள். டை பார் என்பது லோவர் ஆர்மிலிருந்து சப்ஃபிரேமின் முன்பக்கம் வரை போகும் கம்பி, அதன் முனையில் இரண்டு ரப்பர் புஷ் இருக்கும். எஞ்சின் எண்ணெய் கசிந்து இந்த ரப்பரில் ஊறிப் போயிருப்பதை மினியில் அடிக்கடி பார்க்கலாம். அப்படி ஊறிய புஷ்ஷை விரலால் அழுத்தினால் ரப்பர் மாவாக உதிரும்.

சப்ஃபிரேமையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டை பார் பிடிக்கிற இடத்திலும் லோவர் ஆர்ம் பிடிக்கிற இடத்திலும் துரு உள்ளே போயிருந்தால் சஸ்பென்ஷன் சாமானை வாங்குவதை நிறுத்திவிட்டு அந்தக் காசை சப்ஃபிரேமுக்குச் செலவிடுங்கள். துருப்பிடித்த இரும்பின் மேல் புது சாமான் மாட்டுவதில் அர்த்தமே இல்லை.

என்ன வாங்க வேண்டும், என்ன வேண்டாம்

கட்டாயம் மாற்ற வேண்டியவை: இரண்டு கோன், இரண்டு நக்கிள் அதன் கிண்ணத்தோடும் டஸ்ட் கவரோடும், மேல் கீழ் பால் ஜாயிண்டுகள், லோவர் ஆர்ம் புஷ், டை பார் புஷ். மேல் ஆர்முக்கான நீடில் பேரிங்கும் ஷாஃப்டும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, திறந்த பிறகு தேவைப்பட்டால் கார் நடுவில் தூங்காது. கோனை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

இதற்கு மேல் வருவதுதான் மேம்படுத்தல். எனக்கு முதல் தேர்வு ஹைலோ. டிரம்பெட்டின் இடத்தில் போடுகிற, நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய துண்டு இது. நீளத்தைக் கூட்டினால் கார் உயரும், குறைத்தால் இறங்கும். நிறைய பேர் இதை இறக்குவதற்கு வாங்குகிறார்கள், நான் சிபாரிசு செய்வது இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவதற்கு. அடுத்தது அப்சார்பர். ஸ்பாக்ஸ், காஸ் போன்ற நிறுவனங்கள் மினிக்கென்றே அட்ஜஸ்டபிள் அப்சார்பர் செய்கின்றன. காரைக் கொஞ்சம் இறக்கப் போகிறீர்கள் என்றால் இறக்கிய காருக்கென்று வரும் குட்டை நீளத்தைக் கேட்டு வாங்குங்கள், சாதாரண நீளம் போட்டால் பெரிய பள்ளத்தில் அப்சார்பர் உள்ளே முட்டி நின்றுவிடும்.

மூன்றாவது, 1.5 டிகிரி நெகடிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) தரும் லோவர் ஆர்ம். தொழிற்சாலையிலிருந்து வந்த மினியின் முன் சக்கரங்கள் மேல்பக்கம் லேசாக வெளியே சாய்ந்திருக்கும், இந்த ஆர்ம் கீழ்ப்பக்கத்தை வெளியே தள்ளி அதைத் திருப்பிவிடும். திருப்பத்தில் முன்பக்கம் பிடித்துத் திரும்புவதை உலு யாம் பக்கத்து வளைவுச் சாலையில் ஒருமுறை போய்வந்தாலே உணர்வீர்கள். இதையே திருகி மாற்றக்கூடிய ஆர்மாகவும் விற்கிறார்கள். புதியவருக்கு மாற்ற முடியாத 1.5 டிகிரி ஆர்மே போதும் என்பது என் கருத்து. கண்டபடி திருகி மூன்று டிகிரிக்குக் கொண்டுபோய் டயரின் உள்பக்கத்தைத் தின்னக் கொடுப்பதற்கு இங்கே யாரும் பந்தயம் ஓடவில்லை. திருகக்கூடிய டை பார் வேறு விஷயம், இரண்டு பக்கமும் காஸ்டர் (ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) வித்தியாசமாக இருந்தால் அது உதவும், ஆனால் ரப்பர் இல்லாத உலோக மூட்டான ரோஸ் ஜாயிண்ட் வைத்த வகையைத் தெருவில் ஓடும் காருக்கு வாங்காதீர்கள். நம் ஊர் மழைத் தண்ணீரும் மணலும் அதைச் சீக்கிரம் தேய்த்துவிடும்.

ரப்பர் கோனை எடுத்துவிட்டு அதே இடத்தில் உட்காரும் சுருள் ஸ்பிரிங்கும் கிடைக்கிறது. கார் மெத்தென்று ஓடும், அதை மறுக்க முடியாது. ஆனால் ரப்பர் நசுங்க நசுங்கக் கெட்டியாகிற அந்தக் குணம் அதில் அப்படியே வராது, முழுக்க ஆள் ஏற்றினால் வித்தியாசம் தெரியும். மினி ஓட்டுகிற சுகத்தில் பெரிய பங்கு அந்தக் கோனுக்கு உண்டு என்று நம்புகிறவன் நான். நல்ல புதுக் கோனோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்பிரிங்கைப் பற்றி யோசியுங்கள்.

பாலியூரித்தேன் புஷ் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய்க்கும் வெயிலுக்கும் அது ரப்பரைவிட நன்றாகத் தாங்கும், ஸ்டியரிங் இறுக்கமாக இருக்கும். அதில் மிகக் கடினமானதை டை பாருக்குப் போட்டால் சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்கு வரும். நடுத்தரக் கடினத்தில் கேளுங்கள்.

சாமான்களில் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்துதான் வரும். சான் சோவ் லின், செகாம்புட் பக்கம் பழைய கார் சாமான் தெரிந்த கடைக்காரர்களிடமும் விசாரித்துப் பாருங்கள், ஆனால் கோனையும் பால் ஜாயிண்டையும் மட்டும் மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். பழைய காரில் கழற்றிய கோன் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

கருவிகள்

மினியில் பெரும்பாலும் அங்குல அளவு நட்டுதான். அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் பொருந்துகிற மாதிரி இருக்கும், துருப்பிடித்த நட்டில் கொஞ்சம் பலம் கொடுத்ததும் மூலைகளை உருட்டிவிடும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், அந்தச் சின்ன இடைவெளி போதும் காரியத்தைக் கெடுக்க. ஒரு செட் அங்குல ஸ்பேனரும் சாக்கெட்டும் வாங்கிவிடுங்கள். பால் ஜாயிண்டின் பெரிய நட்டுக்கு 38 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். பால் ஜாயிண்ட் பிரிப்பதற்கு கத்திரிக்கோல் மாதிரி அழுத்துகிற கருவியை எடுங்கள், சுத்தியலால் அடிக்கிற கவட்டைக் கருவி டஸ்ட் கவரைக் கிழித்துவிடும். டார்க் ரென்ச், கிரீஸ் கன், இரண்டு நல்ல ஜாக் ஸ்டாண்ட், உங்கள் கார் வருடத்துக்குரிய ஒர்க்‌ஷாப் மேனுவல். ஒவ்வொரு நட்டையும் எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை அந்த மேனுவலில் பார்த்தே முறுக்குங்கள், வருடத்துக்கு வருடம் மாறும்.

எல்லாவற்றிலும் முக்கியம் கோன் கம்ப்ரெஸர். எஞ்சின் பக்கமிருந்து டவரின் மேல் வைத்து, நடுக்கம்பியைக் கோனுக்குள் திருகி, கோனை மேலே இழுத்து நசுக்கும் கருவி அது. கோனின் உள்ளே உள்ள த்ரெட் பழையதில் அங்குலம், பிற்காலத்தில் மெட்ரிக், இரண்டுக்கும் கம்பி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். யாரிடமாவது இரவல் கேட்டாலும் தப்பில்லை, இது இல்லாமல் இரும்புக்கடப்பாரையால் டிரம்பெட்டை நெம்பி எடுப்பது மட்டும் வேண்டாம். நசுங்கிய ரப்பரில் இருக்கும் பலம் விரலை எடுத்துவிடும்.

வேலையைத் தொடங்குவோம்

முதலில் இடம். நம் தெரஸ் வீட்டுப் போர்ச்சுகள் மழைத் தண்ணீர் வடிவதற்காக கேட் பக்கம் சரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, காரைத் தூக்கிய பிறகுதான் தெரியும். ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பாருங்கள், உருண்டு ஓடினால் வேறு இடம் தேடுங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைத் தளர்த்தி, சப்ஃபிரேமுக்குக் கீழே ஜாக் கொடுத்துத் தூக்கி, சப்ஃபிரேமின் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் கையைக்கூட நீட்டாதீர்கள்.

ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள், எது எப்படி இருந்தது என்று சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றுவதற்கு முந்தைய நாளே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் அப்சார்பரின் மேல் கீழ் நட்டுகளை எடுத்து அதை வெளியே வாங்குங்கள். பிறகு பானெட்டைத் திறந்து டவரின் மேலே பாருங்கள். பழைய கார்களில் இரண்டு போல்ட், பிற்காலக் கார்களில் நடுவில் ஒரே பெரிய போல்ட். அதைக் கழற்றினால் கோனுக்குள் வழி கிடைக்கும். நம் ஊர் கார்களில் வலதுபக்கம், அதாவது டிரைவர் பக்கம், பிரேக் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்கள் மேலே இருப்பதால் கருவி வைக்க இடம் நெருக்கமாக இருக்கும். அதனால் இடதுபக்கத்தில் தொடங்குங்கள், கை பழகிவிடும்.

கம்ப்ரெஸரின் நடுக்கம்பியைக் கோனுக்குள் திருகும்போது கருவியோடு வந்த குறிப்பில் எத்தனை சுற்று என்று இருக்கிறதோ அதை அப்படியே பின்பற்றுங்கள். பாதிச் சுற்றில் நிறுத்தினால் த்ரெட் பிய்ந்துவிடும். பிறகு மேலே உள்ள நட்டை மெதுவாக முறுக்க முறுக்கக் கோன் மேலேறும். டிரம்பெட்டைக் கையால் ஆட்டிப் பார்த்துக்கொண்டே முறுக்குங்கள், அது லொடலொடவென்று ஆடத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் நசுக்க வேண்டாம். மேல் ஆர்முக்குக் கீழே உள்ள ரீபவுண்ட் ரப்பரையும் எடுத்துவிட்டால் ஆர்ம் இன்னும் கொஞ்சம் இறங்கி இடம் விடும். இப்போது நக்கிளை அதன் கிண்ணத்திலிருந்து நெம்பி எடுத்து, டிரம்பெட்டை வெளியே இழுங்கள்.

அந்த நக்கிளைத் துடைத்துப் பாருங்கள். நல்லது என்றால் உருண்டை பளபளவென்று இருக்கும், கிண்ணத்தின் வெள்ளைப் பிளாஸ்டிக் முழுசாக இருக்கும். டஸ்ட் கவர் கிழிந்து தண்ணீர் போன காரில் உருண்டை செம்பழுப்பு நிறத்தில் சொரசொரத்திருக்கும், பிளாஸ்டிக் கிண்ணத்தின் அடி ஓட்டையாகி இரும்பு நேரே ஆர்மின் மேல் தேய்ந்துகொண்டிருக்கும். வேகத்தடையில் கேட்ட அந்தச் சத்தம் இங்கேதான் பிறந்தது.

அடுத்து மேல் பால் ஜாயிண்டை ஆர்மிலிருந்து பிரியுங்கள். நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு சுற்று விட்டுவைத்துக் கருவியால் அழுத்தினால் டப்பென்று விடும், அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். இப்போது ஹப் தொங்கப் பார்க்கும். அதைக் கம்பியால் மேலே கட்டிவையுங்கள், தொங்கினால் பிரேக் ஹோஸ் இழுபடும். ஹப்பை வெளிப்பக்கமும் இழுக்காதீர்கள், டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட் கழன்றுவிட்டால் வேலை இரட்டிப்பாகும். மேல் ஆர்ம் ஷாஃப்டின் இரண்டு நட்டுகளையும், முன்பக்கம் வாஷரைப் பிடித்திருக்கும் சின்னத் தகட்டையும் எடுத்தால் ஷாஃப்டை முன்னால் உருவி ஆர்மை வெளியே எடுக்கலாம்.

ஷாஃப்டை நகத்தால் தடவிப் பாருங்கள். நீடில் பேரிங் ஓடிய இடத்தில் கோடு கோடாக நகத்தில் தட்டினால் ஷாஃப்டும் பேரிங்கும் போய்விட்டன. கிரீஸ் காணாத மினிகளில் இது சகஜம். பேரிங்கை ஆர்மிலிருந்து எடுத்துப் புதியதை அழுத்துவதற்கு பிரஸ் உள்ள ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பது நல்லது, சுத்தியலால் அடித்தால் மெல்லிய பேரிங் கூடு கோணிவிடும்.

கம்ப்ரெஸரை மெதுவாகத் தளர்த்தி முழுக்க எடுத்த பிறகு கோனை டவரிலிருந்து நெம்பி எடுக்கலாம். பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய கோன் தட்டையாகி, ரப்பர் இரும்போடு ஒட்டிய விளிம்பில் மெல்லிய வெடிப்புகள் ஓடும். புதியது நிமிர்ந்து நிற்கும். நீங்கள் கொடுத்த காசு எங்கே போனது என்பது அப்போது தெளிவாகத் தெரியும்.

பால் ஜாயிண்டு மாற்ற இதுதான் நேரம். லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, 38 மில்லிமீட்டர் சாக்கெட்டால் பெரிய நட்டைக் கழற்றுங்கள், ஹப் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொண்டால் சுலபம். புது கிட்டில் மெல்லிய ஷிம் தகடுகள் பல இருக்கும். இதில் அவசரப்படக் கூடாது. எல்லா ஷிம்மையும் போட்டு முறுக்கினால் ஜாயிண்டின் நடு ஆணி ஆடும், ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் ஆட்டம் நின்று, கையால் அசைத்தால் லேசான இறுக்கத்தோடு தடையில்லாமல் எல்லாப் பக்கமும் திரும்பும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஷிம் எடுத்தால் ஸ்டியரிங் கனக்கும், அந்த ஆணியும் சீக்கிரம் தேயும். இது கைக்குப் பிடிபடவில்லை என்று தோன்றினால் ஹப்பைக் கழற்றிப் பழைய மினி தெரிந்த போர்மெனிடம் (மெக்கானிக்கிடம்) கொடுத்துவிடுங்கள், இந்த ஒரு வேலையை அனுபவஸ்தர் செய்வதில் எந்தக் குறைவும் இல்லை.

லோவர் ஆர்மும் டை பாரும் சுலபம். பழையதை எடுத்துப் புது புஷ், புது ஆர்ம் போட்டு, நட்டுகளைக் கையால் இறுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி விட்டுவிடுங்கள். கடைசி முறுக்கு கார் தரையில் நின்ற பிறகு. தொங்குகிற நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுகியபடியே வேலை செய்து சீக்கிரம் கிழியும்.

திரும்ப மாட்டுவது வந்த வழியே. புதுக் கோனை டவரில் நேராக உட்கார வைத்து, மேல் ஆர்மை கிரீஸ் தடவிய பேரிங்கோடு மாட்டி, நக்கிள் கிண்ணத்தில் கிரீஸ் நிரப்பி உருண்டையை உட்கார வைத்து, டஸ்ட் கவர் விளிம்பு முழுக்கப் பொருந்தியிருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். ஹைலோவை முழுக்கச் சுருக்கி வைத்து மாட்டினால் பெரும்பாலும் கம்ப்ரெஸரின் உதவி அதிகம் தேவைப்படாது. மாட்டிய பிறகு இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் திருகி நீளமாக்குங்கள். நக்கிள் கிண்ணத்தில் சரியாக உட்காராமல் காரை இறக்கிவிட்டால் கிண்ணம் அந்த நிமிடமே உடையும், அதனால் இறக்கும் முன் டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள். ரீபவுண்ட் ரப்பரைத் திரும்பப் போட மறக்க வேண்டாம். டவர் போல்ட்டும்தான்.

முன்பக்கம் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கிரீஸ் நிப்பிள் உண்டு: மேல் பால் ஜாயிண்ட், கீழ் பால் ஜாயிண்ட், மேல் ஆர்மின் உள்முனை. பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள்.

உயரம், அப்புறம் அலைன்மெண்ட்

புதுக் கோன் போட்ட கார் தூக்கலாக நிற்கும், பார்க்க நன்றாக இருக்காது. உடனே ஹைலோவைத் திருகி இறக்காதீர்கள். ரப்பர் முதல் சில வாரங்களில் தானே இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். அதுவரை ஓட்டத்துக்கு ஏற்ற ஓர் உயரத்தில் வைத்து, இரண்டு பக்கமும் சமமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சரிசெய்யும்போது காரைத் தூக்கிவிட்டு, ஒரு சுற்று திருகி, இறக்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, அப்புறம் அளக்க வேண்டும். உருட்டாமல் அளந்தால் டயர் பிடித்துக்கொண்டு தப்பான உயரத்தைக் காட்டும்.

எவ்வளவு இறக்கலாம் என்பதற்கு என் பதில் கறாரானது: அதிகம் வேண்டாம். கோலாலம்பூரில் தாமானுக்குத் தாமான் வேகத்தடை, கடைத்தொகுதிக் கார் பார்க்குக்குப் போனால் செங்குத்தான ராம்ப், மழை பெய்தால் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் குழி. அதிகம் இறக்கிய மினியில் எக்ஸாஸ்ட் அடிபடும், ரப்பர் ஏற்கெனவே நசுங்கிய நிலையில் இருப்பதால் வேலை செய்ய இடமே இருக்காது, முதுகுதான் சஸ்பென்ஷன் வேலையைச் செய்யும். உயரத்தை மாற்றுவது, சாமான் மாற்றுவது எதுவானாலும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் விதி என்ன சொல்கிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கார் தரையில் நின்றதும் லோவர் ஆர்ம், டை பார் நட்டுகளை மேனுவல் அளவுக்கு முறுக்கிவிட்டு அலைன்மெண்ட் கடைக்கு மெதுவாக ஓட்டிப் போங்கள். அங்கே போய் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்போதைய கார்களின் கணக்கை மனதில் வைத்துச் சக்கரங்களை உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார்கள். மினியின் முன் சக்கரங்கள் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து சுமார் 1.6 மில்லிமீட்டர் டோ அவுட். ஓடும்போது முன் சக்கரங்கள் காரை இழுப்பதால் அவை தானே உள்பக்கம் வந்து நேராகும். காஸ்டர் சுமார் 3 டிகிரி. கம்ப்யூட்டரில் உங்கள் கார் இல்லை என்பார்கள், அதனால் இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். கேம்பர் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்று பார்க்க அளவுகளை அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். பழைய மினிகளில் எப்போதோ எங்கோ இடித்த சப்ஃபிரேம் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

அப்சார்பரை மிருதுவான நிலையில் வைத்துத் தொடங்குங்கள். பத்துகேவ்ஸிலிருந்து உலு யாம் போகும் வளைவான சாலையில் கூட்டமில்லாத காலை நேரத்தில், அமைதியான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகு முன்பக்கம் இன்னொரு முறை எழும்பினால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் கொஞ்சம் கெட்டியாக்குங்கள். சின்னச் சின்னக் கரடுகளில் டயர் தத்தினால் திரும்பக் குறையுங்கள். கெட்டியாக இருப்பதுதான் ஸ்போர்ட் என்று நினைக்க வேண்டாம், டயர் தரையை விட்டு எழும்பிய நேரத்தில் எந்தக் காரும் திரும்பாது.

இருநூறு முன்னூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் டார்க் ரென்ச்சால் மறுபடி பாருங்கள். பால் ஜாயிண்டுகளை ஆட்டிப் பாருங்கள், புது ஜாயிண்டும் லேசாகப் பதிந்து ஆடத் தொடங்கலாம், அப்போது ஒரு ஷிம் எடுக்க வேண்டியிருக்கும். கிரீஸ் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் அதிகம் ஓட்டினால் இன்னும் சீக்கிரம், வெள்ளத் தண்ணீரில் இறங்கிய கார் என்றால் அந்த வாரமே. சில வாரம் கழித்துக் கோன் இறங்கி நின்றதும் ஹப்பிலிருந்து மட்கார்டு வரை மறுபடி அளந்து, முதலில் எழுதி வைத்ததோடு ஒப்பிட்டு, ஹைலோவை உங்களுக்கு வேண்டிய உயரத்துக்குத் திருகுங்கள். உயரம் மாறினால் டோவும் மாறும், அதனால் அலைன்மெண்ட் கடைக்கு அந்தத் தாளோடு இன்னொரு முறை போக வேண்டும்.